கண்காணிப்பு வேலைக்குப் புதிதா? குறிகாட்டிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே யாராவது ஒரு எக்செல் கோப்பை அனுப்பி, "இண்டிகேட்டர் கட்டம் மட்டும் காலியா இருக்கு, நிரப்பிக் கொடுத்துடுங்க, நாளைக்கு அனுப்பணும்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. இண்டிகேட்டர், அதாவது குறிகாட்டி என்பது திட்டம் நினைத்தபடி நடக்கிறதா என்று காட்டும் ஓர் அளவு. ஒரே இரவில் அப்படி 42 குறிகாட்டிகள் எழுதித் தள்ளினேன், நிதி தருபவர்களிடமிருந்து பாராட்டுகூட வந்தது. மூன்று ஆண்டு கழித்துத் திட்டம் முடியும்போது எடுத்துப் பார்த்தால் 11 குறிகாட்டிகளுக்குத்தான் எதிரே எண் இருந்தது, அந்த 11-லும் யாராவது பார்த்துவிட்டு எதையாவது மாற்றியது இரண்டை வைத்துத்தான். மிச்ச 31-ஐ ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை ஒரு உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் காதில் நுழைந்து மறுகாதில் போய்விடும்.

உதாரணம் இது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது, கண்ணுக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரவரையறையில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதிலிருந்து குடித்தால் பல்லில் காவிக் கறை விழும், அளவு இன்னும் கூடி ஆண்டுக்கணக்கில் போனால் எலும்பும் மூட்டும் கெடும். இதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் கடனுதவியோடு உருவாகி 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

இப்போது ஒரு கற்பனை: அந்தப் பக்கம் 240 வீடுகள் உள்ள ஒரு குக்கிராமம். காவிரித் தண்ணீர் தெருக்குழாய்க்கு வந்துவிட்டது, ஆனால் பழக்கத்தாலும் நேரக்கணக்காலும் பல வீடுகள் இன்னும் போர் தண்ணீரைத்தான் புழங்குகின்றன. குடிக்கவும் சமைக்கவும் எல்லா வீடும் காவிரித் தண்ணீருக்கு மாறவேண்டும் என்று ஒரு சின்ன அமைப்பு மூன்று ஆண்டுத் திட்டம் போடுகிறது. குறிகாட்டி எழுதவேண்டியது நீங்கள்.

எக்செல்லை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள்

முதல் வேலை, என்ன நடந்தால் என்ன நடக்கும் என்ற சங்கிலியைச் சாதாரணத் தமிழில் எழுதுவது. மகளிர் குழுக்களில் பேசுகிறோம், தண்ணீரைப் பரிசோதித்து எண்ணைக் காட்டுகிறோம். அதனால் எந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று வீட்டார் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள். அதனால் உடம்பில் போகும் ஃபுளோரைடு குறைகிறது. அதனால் இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பல் நன்றாக வரும். அவ்வளவுதான், ஐந்து வரி.

நாம் செய்வது செயல்பாடு, அது கைமேல் தருவது வெளியீடு, அதனால் மக்களிடம் நடக்கும் மாற்றம் விளைவு, நீண்ட நாளில் தங்குவது தாக்கம். உங்கள் கையில் திணிக்கப்பட்ட லாக்ஃபிரேம் (logical framework) என்ற திட்ட அட்டவணையும் இதைத்தான் கட்டம் போட்டுக் கேட்கிறது. அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிறுவனத்துக்காக 1969-ல் உருவான அட்டவணை அது, இன்னும் ஓய்வு பெறவில்லை.

சங்கிலியை எழுதியதும் அதில் எந்தக் கண்ணி அறுந்துபோக வாய்ப்பு அதிகம் என்று பாருங்கள். இந்த ஊரில் "தெரிந்துகொள்கிறார்கள்" என்பதற்கும் "பிடித்து வைக்கிறார்கள்" என்பதற்கும் நடுவில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. காவிரித் தண்ணீர் நல்லது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது காலை 11 மணிக்கு வருகிறது, அப்போது வீட்டில் இருக்கவேண்டியவர் நூறு நாள் வேலையில் இருக்கிறார். இப்படி ஒரு ஊரில் "விழிப்புணர்வு பெற்றவர்கள் சதவீதம்" என்று குறிகாட்டி வைத்தால் அது 95-ஐத் தொட்டு ஜம்மென்று நிற்கும், குடத்தில் போர் தண்ணீர்தான் இருக்கும். கண்ணி அறுகிற இடத்துக்குப் பக்கத்தில் குறிகாட்டி இருக்கவேண்டும்.

மூன்று வருடத்தில் அது அசையுமா?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

திட்டத்தின் நோக்கம் பல் கறையைத் தடுப்பது. அப்படியானால் "பல் கறை உள்ள குழந்தைகளின் சதவீதம்" என்பதைத்தானே முதன்மைக் குறிகாட்டியாக வைக்கவேண்டும்? நோக்கத்தோடு நேராகப் பொருந்துகிறது, அளக்கவும் முடியும், பல் மருத்துவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துவந்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். நிதி தருபவருக்கும் பிடிக்கும்.

ஆனால் கறை எப்போது விழுகிறது என்று யோசியுங்கள். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது உடம்பில் சேரும் ஃபுளோரைடுதான் கறையாகிறது, முளைத்தபின் குடித்த தண்ணீரால் அல்ல. விழுந்த கறை நல்ல தண்ணீர் குடிப்பதால் போகாது. முன்பக்க நிலைப்பற்கள் ஆறு முதல் ஒன்பது வயதுக்குள் முளைக்கின்றன. ஆக, திட்டம் தொடங்கும்போது நான்கு வயதான பிள்ளைக்கு அந்தப் பற்கள் உள்ளே ஏறக்குறைய உருவாகி முடிந்துவிட்டன. திட்டம் நடக்கிற மூன்று வருடத்தில்தான் அவை கறையோடு வெளியே வரத் தொடங்கும். திட்டம் அருமையாக நடந்தாலும் உங்கள் வரைபடம் கீழே இறங்காது, சில வகுப்புகளில் ஏறக்கூடச் செய்யும். தொடங்கிய அன்று பிறந்த குழந்தையின் நிலைப்பல்லைப் பார்க்க ஏழு வருடம் ஆகும், அதற்குள் உங்கள் அலுவலகமே வேறு மாவட்டத்துக்கு மாறியிருக்கும்.

சரி, வேறு என்ன? உடம்பில் போன ஃபுளோரைடின் ஒரு பங்கு சிறுநீரில் வெளியேறுகிறது, அண்மையில் எவ்வளவு உள்ளே போனது என்பதை அது காட்டும். தண்ணீரை மாற்றினால் சில வாரங்களிலேயே அந்த எண் அசையும். பல வருடம் போர் தண்ணீர் குடித்த பெரியவர்களின் எலும்பில் சேர்ந்திருப்பது மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், சிறுவர்களிடம் பார்ப்பதுதான் தெளிவாக இருக்கும். ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும், பெற்றோர் சம்மதம் வேண்டும், முடிவை அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிச் சொல்லும் பொறுப்பும் சேர்ந்தே வரும். பணமும் ஆளும் இருந்தால் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை செய்யலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்போது மிஞ்சுவது குடம். வீட்டுக்குள் இருக்கும் குடிநீர்க் குடத்திலும் சமையல் பாத்திரத்திலும் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதில் ஃபுளோரைடு எவ்வளவு. மூன்று வருடத்தில் அசையும், மாதாமாதம்கூடப் பார்க்கலாம், நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தக் குழுப் பெண்களுக்கே கற்றுக்கொடுத்துவிடலாம். ஃபுளோரைடு குறைந்த தண்ணீர் கறையைத் தடுக்கும் என்பது மருத்துவ உலகம் ஏற்கெனவே நிரூபித்த விஷயம், அதை 240 வீட்டில் நீங்கள் திரும்ப நிரூபிக்க வேண்டியதில்லை. பல்லைப் பற்றிய வரி அறிக்கையின் நோக்கப் பகுதியில் இருக்கட்டும், குறிகாட்டிப் பட்டியலில் வேண்டாம். நிதி தருபவர் கேட்டால் மேலே சொன்ன கணக்கைப் பொறுமையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

எண் வந்தால் என்ன செய்வீர்கள்?

ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எதிரே இரண்டு வரி எழுதிப் பாருங்கள்: எண் நன்றாக வந்தால் என்ன செய்வோம், மோசமாக வந்தால் என்ன செய்வோம். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தக் குறிகாட்டியை அடித்துவிடுங்கள். என்னுடைய பழைய 42-ஐ இந்தச் சல்லடையில் போட்டிருந்தால் ஒன்பதோ பத்தோதான் மிஞ்சியிருக்கும்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல பழைய உதாரணம் இருக்கிறது. உலக வங்கி உதவியோடு 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை போதிய அளவு ஏறாத குழந்தைக்குத்தான் கூடுதல் சத்துணவு, தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அதாவது எடை என்ற எண் மேலே சென்னைக்குப் போய் அறிக்கையாவதற்கு முன்பே, எடை போட்ட அன்றே, அந்தக் குழந்தைக்கு உணவு உண்டா இல்லையா என்று முடிவு செய்தது. எடுத்தவரே பயன்படுத்தும் எண் என்பதால் ஒழுங்காக எடுக்கவும் ஒரு காரணம் இருந்தது. மேலே அனுப்ப மட்டுமே எழுதும் எண்ணை வீட்டுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்தே நிரப்பலாம், நிரப்புவார்கள் (நானும் களப்பணியாளராக இருந்திருக்கிறேன்).

நம் உதாரணத்தில், வடக்குத் தெருக் குடங்களில் போர் தண்ணீர் என்று வந்தால் என்ன செய்வோம்? தண்ணீர் திறக்கும் நேரத்தை மாற்ற முடியுமா என்று டேங்க் ஆபரேட்டரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் பேசுவோம். குழாய்த் தண்ணீரிலேயே ஃபுளோரைடு கூடுதலாக வந்தால்? மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் கலந்து ஏற்றுகிறார்களா என்று பார்ப்போம், காவிரி வரத்து போதாத நாளில் அப்படிச் செய்ய வாய்ப்பு உண்டு. இரண்டும் வெவ்வேறு நோய், வெவ்வேறு மருந்து. அதனால் குழாய்முனையில் ஒரு அளவு, குடத்தில் ஒரு அளவு என்று இரண்டு குறிகாட்டி தேவைப்படுகிறது. இப்படித்தான் எத்தனை வேண்டும் என்பதே முடிவாகும்.

சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுங்கள்

"காவிரித் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகள்" என்று எழுதினால் ஆறு களப்பணியாளர்களும் ஆறு விதமாகப் புரிந்துகொள்வார்கள். பாத்திரம் கழுவினால் பயன்படுத்துவதா? வாரத்தில் இரண்டு நாள் பிடித்தால்? கிராம வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் இயக்கம் 2019-ல் வந்தபோது வெறும் "குழாய் இணைப்பு" என்று நிறுத்தாமல், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குறித்த தரத்தோடு, தொடர்ந்து வரவேண்டும் என்று "செயல்படும் இணைப்பு" என்பதற்குப் பொருள் சொல்லித்தான் தொடங்கினார்கள். நடைமுறையில் அதை எப்படி அளக்கிறார்கள் என்பது வேறு கதை, ஆனால் பொருள் எழுதியிருந்தால்தான் அப்படிக் கேள்வி கேட்கவே முடியும்.

நம்முடையதை இப்படி எழுதலாம்: "கணக்கெடுக்க வந்த நேரத்தில் வீட்டில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வைத்திருக்கும் தண்ணீர் இரண்டுமே லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படாத ஃபுளோரைடு கொண்டிருக்கும் வீடுகள். வகுக்கும் எண், அன்று திறந்திருந்த எல்லா வீடுகளும்." கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. சமையலை ஏன் சேர்க்கிறோம் என்றால், சோறும் குழம்பும் கொதிக்கும்போது ஃபுளோரைடு ஆவியாகிப் போவதில்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி, அளவு கூடவே செய்யும். மற்ற குடிநீர்த் திட்டங்களில் "தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் வீடுகள்" என்பது நல்ல குறிகாட்டி, கிருமிக்கு அது சரி. அதை அப்படியே நகலெடுத்து இங்கே போட்டால் தவறான பழக்கத்தைப் பாராட்டிக்கொண்டிருப்போம். நகலெடுத்த குறிகாட்டியின் ஆபத்து இதுதான், எழுதிய இடத்தில் அது சரியாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி கேட்கும் விதமும் பொருளோடு சேர்ந்தது. "நல்ல தண்ணிதானே குடிக்கறீங்க?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது, வந்திருப்பவர் மனம் கோணக்கூடாது என்று நினைப்பவர்கள் நம் மக்கள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்கக்கா" என்று கேளுங்கள், எந்தக் குடத்திலிருந்து மொண்டு தருகிறார் என்று பாருங்கள், அப்புறம் "இது எப்பப் புடிச்சது, எங்க புடிச்சது" என்று பேச்சைத் தொடருங்கள். பார்த்தது ஒரு கட்டத்தில், சொன்னது இன்னொரு கட்டத்தில்.

எண்ணுவதற்கு எவ்வளவு செலவாகும்

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகள் 17. அவற்றுக்கு 2020 மறுஆய்வுக்குப் பின் இருந்த குறிகாட்டிகள் 231. மொத்த உலகத்துக்கே அவ்வளவுதான், 240 வீட்டுக்கு 42 எதற்கு? மூன்று வருடத் திட்டத்துக்கு ஆறு முதல் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், இது விதி இல்லை, என் கைக்கணக்கு. ஒவ்வொன்றுக்கும் யார் எடுப்பார், எத்தனை மணிநேரம் ஆகும், வண்டிச் செலவு எவ்வளவு, யார் பார்ப்பார் என்று எழுதினால் தானாகவே பட்டியல் சுருங்கும். ஏற்கெனவே இருக்கும் பதிவேடு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், தொட்டி ஏற்றும் நேரத்தை ஆபரேட்டர் எழுதிவைத்தால் அது இலவசத் தரவு. மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வீட்டுக்குப் போவது என்று எல்லாரும் கேட்பார்கள். பெரிய மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தைப் பத்துப் புள்ளி முன்பின்னாகத் தெரிந்துகொள்ளக் குலுக்கல் முறையில் 96 வீடுகள் வேண்டும். 240 வீடே உள்ள ஊரில் அது 70 அளவுக்குக் குறையும். ஆனால் கவனியுங்கள், பத்துப் புள்ளி முன்பின் என்றால் போன வருடம் 60, இந்த வருடம் 66 என்று வந்தால் அது முன்னேற்றமா குலுக்கலின் விளையாட்டா என்று சொல்லமுடியாது. ஆறு புள்ளி ஏற்றத்தை அட்டையில் பெரிய எழுத்தில் அச்சடித்த அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன ஊர் என்றால் எல்லா வீட்டுக்கும் போய்விடுவதே நிம்மதி.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஊர் முழுவதற்கும் 75 சதவீதம் என்று வரும், பிரித்துப் பார்த்தால் தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்களில் 95, மேட்டில் கடைசிக் குழாய் இருக்கும் காலனியில் 20. தமிழ்நாட்டில் கடைக்கோடிக் குழாய் யார் தெருவில் இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. தெருவாரியாகப் பிரிப்பதைத் தொடக்கத்திலேயே படிவத்தில் சேர்க்கவேண்டும், பிறகு பிரிக்கலாம் என்றால் எந்த வீடு எந்தத் தெரு என்று யாருக்கும் நினைவிருக்காது.

எலி வால்

1902-ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஹனோய் நகரில் பிளேக் பயத்தால் எலிகளை ஒழிக்க, வாலைக் கொண்டுவந்து காட்டினால் காசு என்றார்கள். வால்கள் வந்து குவிந்தன. கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் நகரில் ஓடுவதைப் பார்த்தார்கள், வாலை மட்டும் வெட்டிக்கொண்டு எலியைக் குட்டி போட விட்டிருக்கிறார்கள். சிலர் காசுக்காக எலி வளர்க்கவும் செய்தார்கள். எண்ணோடு பரிசோ தண்டனையோ சேரும்போது, எண் தனியாக வளரும், விஷயம் தனியாகக் கிடக்கும்.

நம் ஊரில் இதன் வடிவம் வேறு. குழுக் கூட்டங்களின் எண்ணிக்கையை வைத்துக் களப்பணியாளரின் வேலையைத் தீர்மானித்தால், அதே 15 பெண்கள் நான்கு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அதனால் பணியாளருக்குச் சம்பள உயர்வு தரும் எண்ணும் திட்டத்தைத் திருத்தும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டாம். அதோடு, ஒவ்வொரு முக்கியக் குறிகாட்டிக்கும் அதை ஏமாற்ற ஒரு வழி யோசித்து, அந்த வழியைக் காட்டிக்கொடுக்கும் துணைக் குறிகாட்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கணக்கெடுப்பு நாளுக்கு முன்தினம் ஆபரேட்டர் தாராளமாகத் தண்ணீர் விட்டால் குடத்து எண் ஏறிவிடும், அதற்குத் துணையாக "கடந்த ஏழு நாளில் குழாயில் தண்ணீர் வராத நாட்கள்" என்று ஒரு கேள்வி.

தொடங்குமுன் ஒரு வாரம்

படிவத்தை அச்சடிக்குமுன் ஐந்து வீட்டில் முயன்று பாருங்கள், முடிந்தால் உங்கள் திட்டம் நடக்காத பக்கத்து ஊரில். இதுபோன்ற ஒரு படிவத்தை முயன்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது, குடத்தைப் பற்றி அத்தனை கேட்டும், பகலெல்லாம் செங்கல் சூளையிலும் வயலிலும் இருப்பவர்கள் அங்கே எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஒரு கேள்விகூட இல்லை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் என்ன தண்ணீர் என்றும் இல்லை. கேன் தண்ணீர் வாங்கும் வீட்டை எதில் சேர்ப்பது என்றும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம், வேலை தொடங்குமுன் முதல் கணக்கெடுப்பை முடித்துவிடுங்கள். தாமதமாகி ஆறு மாதம் கழித்து எடுத்தால் அதற்குள் நடந்த மாற்றம் கணக்கில் வராது. இலக்கை அந்த எண் கையில் வந்தபின் போடுங்கள், 40-லிருந்து 100-க்கு மூன்று வருடத்தில் போவோம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டு முழிக்கவேண்டாம். கோடையில் முதல் கணக்கெடுப்பு எடுத்தால் கடைசியும் கோடையில். மழைக்காலத்தோடு ஒப்பிட்டால் மழையைத்தான் அளந்திருப்பீர்கள். பக்கத்தில் திட்டம் இல்லாத ஓர் ஊரில் அதே கேள்விகளைக் கேட்டு வைத்தால், மாற்றத்தில் எவ்வளவு உங்களால், எவ்வளவு ஆபரேட்டர் மாறியதால் என்று பேசவாவது ஒரு பிடி கிடைக்கும்.

நடுவில் ஒரு குறிகாட்டி சரியில்லை என்று தெரிந்தால் மாற்றலாம், அது குற்றமில்லை. ஒரு சுற்று மட்டும் பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுங்கள், இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால்தான் பழைய எண்களோடு புதியதை ஒப்பிட முடியும். எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று அதே எக்செல்லில் ஒரு வரி எழுதி வையுங்கள், உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வருபவர் உங்களிடம் கேட்க வழி இருக்காது.